'இன்கம்பேட்டிபிள்': திங்கட்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.
பிளஸ் ஒன் ஆய்வகக் கையேடு திங்களன்று அச்சுக்குப் போகிறது. எங்கள் கணினிகளில் விண்டோஸ் 7. பைதான் நிரல்மொழியின் 3.9 முதல் வரும் நிறுவிகள் (மென்பொருளைக் கணினியில் ஏற்றும் கோப்புகள்) அதில் வேலைக்காகா, 3.8தான் கடைசி, அதற்கும் விண்டோஸ் 7இன் சர்வீஸ் பேக் 1 என்ற மேம்பாட்டுத் தொகுப்பு வேண்டும். மூலையில் அதைவிடப் பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினி ஒன்றும் உண்டு. புதிய நிறுவி எதையாவது தட்டினால் 'இது முறையான வின்32 பயன்பாடு அல்ல' என்று பெட்டி வரும். கோப்பு கெட்டுவிட்டதென்று பிள்ளைகள் மூன்று முறை பதிவிறக்குகிறார்கள். மென்பொருளும் விண்டோஸும் இப்படி ஒத்துப்போகாததற்கு 'ஒவ்வாமை' என்று எழுதினேன். "கம்ப்யூட்டருக்கு அலர்ஜியா மிஸ்?" என்றாள் ஒருத்தி.
செ.

அம்மா, ஒவ்வாமையை மருத்துவர்கள் கொண்டுபோய்விட்டார்கள், இனி மீட்க முடியாது. 'இயைபின்மை' என்று போடுங்கள். நல்ல வேர்.
நா.

ஐயா, இயைபு என்றால் பிள்ளைகள் தொடையைத்தான் நினைப்பார்கள். 'இணக்கமின்மை' என்றால் உரிமப் பக்கத்து 'இணங்குகிறேன்' பொத்தானோடு மோதுகிறது.
செ.

எங்கள் கடையில் 'செட்டப் செட் ஆகல' என்போம். எல்லாருக்கும் புரியும். அச்சில் போட முடியாது, அவ்வளவுதான்.
கு.

முதலில் இரண்டு நோய்களைப் பிரியுங்கள். பைதான் நிறுவி, தானே ஓடி, பதிப்பைப் பார்த்து, 'வேண்டாம்' என்கிறது. எக்ஸ்பியில் நடப்பது வேறு. இஎக்ஸ்இ (இயக்கக்கூடிய நிரல்) கோப்பின் தலைப்பகுதியில் 'குறைந்தது இந்தப் பதிப்பு' என்று ஓர் எண் இருக்கும். எக்ஸ்பியின் எண் 5.1. கோப்பு 6.0 கேட்டால் எக்ஸ்பி வாசலிலேயே நிறுத்திவிடும். 32 பிட் எக்ஸ்பியில் 64 பிட் கோப்பைத் தட்டினாலும் அதே பெட்டிதான். கம்பேட்டிபிலிட்டி மோடும் கைகொடுக்காது. அது பழைய மென்பொருளைப் புதிய விண்டோஸில் ஓட்டுவதற்கு. நான் சொல்வது: 'பதிப்புப் போதாமை'.
வே.

போதாமை குறையைச் சொல்கிறது, உறவைச் சொல்லவில்லை. 'பொருந்தாமை' பாருங்கள். பொருந்தாக் காமமான பெருந்திணையில் 'இளமை தீர்திறம்' என்று தொல்காப்பியர் வைத்தாரே, முதியவன் இளையவளை விரும்புவது. நம் சிக்கலேதான்.
நா.

இங்கே கிழம் விண்டோஸ், ஐயா. விரும்பிப் போவது நிறுவி.
வே.

மறுதலையையும் உரையாசிரியர் இளம்பூரணர் சேர்த்தே சொல்லியிருக்கிறார். அது கிடக்கட்டும், 'நிறுவி' என்ற சொல்லே எனக்கு உறுத்துகிறது. பெயரா, வினையெச்சமா? 'நிறுவி நிறுவி முடித்தபின்' என்று உங்கள் கையேட்டில் வருமா, வராதா?
நா.

வருகிறது, ஐயா. பக்கம் 4. ஆனால் அதற்கு இன்னோர் உரையாடல் இழை தொடங்குங்கள்.
செ.

'பொருந்தாமை'க்கு என் வாக்கு. ஜாதகம் பார்த்தவர்களுக்குப் புரியும்.
கு.

சரி. பாடத்தில் 'பொருந்தாமை', பிழைப்பெட்டி விளக்கத்தில் 'பதிப்பு போதாது'. எக்ஸ்பி கணினியில் பைதான் 3.4 போட்டேன், ஓடுகிறது.
செ.

3.4 ஓடட்டும். என் கட்டுரையில் இயைபின்மைதான்.
நா.