ஹைத்தியில் நிவாரண வேலைக்குக் கூப்பிடுகிறார்கள், போகலாமா?

முத்தியால்பேட்டைக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். புதுச்சேரியில் மருந்து விநியோகக் கம்பெனி ஒன்றில் குடோன் பொறுப்பு பார்க்கிறேன், பிரெஞ்சு நன்றாகவே பேசுவேன். வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் ஒன்று கரீபியன் தீவு நாடான ஹைத்தியின் வடபகுதியில் இருக்கும் கேப் ஹைத்தியன் நகரத்தில் மருந்துக் கிடங்கைப் பார்த்துக்கொள்ள ஓராண்டு ஒப்பந்தத்துக்குக் கூப்பிடுகிறது. டிவியில் துப்பாக்கிச் சூட்டைப் பார்த்ததிலிருந்து அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை, அதை நான் பேசிச் சமாளித்துக்கொள்கிறேன். எனக்குக் குடைவது வேறு. 2010 நிலநடுக்கத்துக்குப் பிறகு உலகமே அந்த நாட்டுக்குப் பணம் கொடுத்தது. இன்றைக்கு 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீடு வாசலை விட்டுச் சொந்த நாட்டிலேயே அகதியாக இருக்கிறார்கள், கிட்டத்தட்ட பாதி ஜனம் வயிறாரச் சாப்பிட முடியாமல் கிடக்கிறது. அந்தப் பணமெல்லாம் எங்கே போனது? நான் போய் அட்டைப்பெட்டி அடுக்குவதால் அங்கே யாருக்காவது ஏதாவது நடக்குமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கெடிலக்கரை:
தம்பி, சுனாமி சமயத்தில் தேவனாம்பட்டினம், சோனாங்குப்பம் பக்கம் நிவாரண வேலையில் இருந்தேன், அதனால் ஹைத்தி செய்தி எதைப் படித்தாலும் நம்ம கடலூரோடு ஒப்பிட்டுத்தான் பார்ப்பேன். இங்கேயும் ஆரம்பத்தில் குழப்பம்தான். லாரி லாரியாகப் பழைய துணி வந்து ரோட்டோரம் குவிந்தது, கம்பளி ஸ்வெட்டர், பட்டன் போன கால்சட்டை, பனியில் நனைந்து நாற்றமெடுத்துக் கிடந்ததை ஒருத்தரும் தொடவில்லை. அந்தப் பெண்கள் கேட்டதெல்லாம் ஒரு அலுமினியக் குண்டானும் ஸ்டவ்வும்தான். தார் ஷீட் கொட்டகையில் வெயில் காலத்தில் பிள்ளைகள் பட்ட பாட்டையும் மறக்க முடியாது.

ஆனால் இங்கே கேட்பதற்கு ஓர் இடம் இருந்தது. ஊர்ப் பஞ்சாயத்திடம் தலைக்கட்டு வாரியாகப் பட்டியல் இருந்தது, ரேஷன் கடை இருந்தது, வீடு கட்டித்தருகிறோம் என்று வந்த அமைப்புகள் அரசோடு ஒப்பந்தம் போட்டுத்தான் கட்ட முடிந்தது, குறை இருந்தால் மனுவை எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸ் போகலாம். ஹைத்தியில் அதிபர் மாளிகையும் அமைச்சகங்களும் இடிந்து விழுந்தன, அதோடு ஊழல் பயத்தைச் சொல்லிக் கொடையாளர்கள் அரசையே சுற்றிக்கொண்டு போனார்கள். நிவாரணப் பணத்தில் அந்த நாட்டு அரசின் கைக்கு நேராகப் போனது 1 சதவீதம்கூட இல்லை. அமெரிக்க செஞ்சிலுவைச் சங்கம் ஏறக்குறைய 50 கோடி டாலர் திரட்டியது, 2015இல் பத்திரிகையாளர்கள் போய்ப் பார்த்தபோது அவர்கள் புதிதாகக் கட்டியிருந்த நிரந்தர வீடு 6. வேறு பணிகளுக்குச் செலவு செய்தோம் என்று சங்கம் பதில் சொன்னது, சரி, ஆனால் கொடுத்த பணத்துக்குக் கணக்கு கேட்கிற உரிமை அந்தச் சனங்களுக்கு எங்கே இருந்தது? நீ போகப்போகிற நிறுவனம் யாருக்குப் பதில் சொல்கிறது என்பதை முதலில் விசாரி.

பாகூர் ஏரிக்கரை:
மேலே அண்ணன் சொன்னதோடு அரிசிக் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நெல் போடுகிறவன் என்பதால் எனக்கு வயிறு எரிகிற விஷயம் இது. 1980கள் வரை ஹைத்தி தனக்கு வேண்டிய அரிசியில் பெரும்பகுதியைத் தானே விளைவித்தது, ஆர்ட்டிபோனிட் பள்ளத்தாக்குதான் அவர்களுக்கு நெற்களஞ்சியம். கடன் கொடுத்தவர்கள் நெருக்கியதில் 1995இல் இறக்குமதி வரி 35 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாக இறங்கியது. அமெரிக்க அரசின் மானியத்தில் விளைந்த அரிசி வந்து கொட்டியது, உள்ளூர்க்காரன் அந்த விலைக்கு விற்றால் அறுப்புக் கூலிக்கே கட்டாது, நிலத்தை விட்டுவிட்டுத் தலைநகரக் குடிசைகளுக்குப் போனார்கள். அந்த நெருக்கடியான ஊர்தான் 2010இல் நொறுங்கியது. அந்த வருஷம் மார்ச்சில், வரி இறங்கியபோது அமெரிக்க அதிபராக இருந்த பில் கிளின்டன் அமெரிக்க செனட் குழு முன்பு, இது என் ஆர்க்கன்சா விவசாயிகளுக்கு நல்லதாக இருந்திருக்கலாம், ஆனால் தப்பு என்று ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டால் போன நிலம் திரும்புமா?

அப்புறம், பிரெஞ்சு படித்தவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்: அடிமைகள் பிரான்ஸை எதிர்த்துப் போராடி 1804இல் விடுதலை வாங்கிய அந்த நாட்டிடம், பிரான்ஸ் 1825இல் 15 கோடி பிராங்க் நஷ்டஈடு கேட்டது, பிறகு அதை 9 கோடியாகக் குறைத்தது. அதைக் கட்ட வாங்கிய கடன் தீர 1947 ஆனது. அதனால் உதவி என்ற வார்த்தையை அங்கே கொஞ்சம் அடக்கத்தோடு பேசுங்கள் தம்பி.

நெல்லித்தோப்பு அக்கா:
நிவாரணச் சரக்குப் போக்குவரத்தில் வேலை பார்த்தவள், தெற்கு சூடானிலும் இருந்திருக்கிறேன். போ என்றுதான் சொல்வேன், ஆனால் சிலவற்றைக் கேட்டுவிட்டுப் போ. கிடங்கில் ஹைத்தி ஆட்கள் எத்தனை பேர், ஒப்பந்தம் முடிந்ததும் சாவி யார் கையில் போகும், இருப்புக் கணக்கு அந்த நாட்டுச் சுகாதார அமைச்சகத்துக்குத் தெரியுமா, கூடுமானதை உள்ளூரில் வாங்குகிறார்களா. ஹைத்தியின் நடுப்பகுதியில் இருக்கும் மிரபலே ஊரில் 2013இல் திறந்த 300 படுக்கை ஆஸ்பத்திரியை நடத்தியது பெரும்பாலும் ஹைத்தி டாக்டர்களும் நர்ஸ்களும்தான், எத்தனையோ உயிரைக் காப்பாற்றியது. 2025இல் ஆயுதக் கும்பல் அந்த ஊரைப் பிடித்ததால் அதை மூட வேண்டி வந்தது, அதைப் பார்த்துவிட்டு உதவியே வீண் என்று சொல்வது அநியாயம்.

இன்னொன்று, கழிவுநீர். அதே மிரபலே பக்கம் ஐ.நா. அமைதிப்படையின் நேபாள முகாமிலிருந்து கழிவு ஆற்றில் கலந்து 2010 அக்டோபரில் காலரா பரவியது, ஏறக்குறைய 10,000 பேர் செத்தார்கள். ஐ.நா. மன்னிப்புக் கேட்கவே 2016 டிசம்பர் ஆனது. காப்பாற்ற வந்தவர்களால் வந்த சாவு அது. போய் இறங்கியதும் உங்கள் முகாமின் செப்டிக் டேங்க் எங்கே காலியாகிறது என்று நீயே நடந்து போய்ப் பார்.

முத்தியால்பேட்டைக்காரன்:
ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. நீங்கள் சொன்ன கேள்விகளை இன்றைக்கே மெயிலில் அனுப்பிவிட்டேன். அக்கா, இன்சுலினும் தடுப்பூசியும் அங்கே வைக்க வேண்டும், கரண்டை நம்ப முடியாதாமே, ஜெனரேட்டர் போதுமா?

நெல்லித்தோப்பு அக்கா:
போதாது. 2022இல் ஆயுதக் கும்பல் தலைநகரின் எண்ணெய்க் கிடங்கை மறித்தபோது டீசல் இல்லாமல் ஆஸ்பத்திரிகளே திண்டாடின. நேராக சோலாரில் ஓடுகிற தடுப்பூசி ஃபிரிட்ஜ் இருக்கிறது, உலக சுகாதார நிறுவனம் ஒப்புதல் கொடுத்த மாடல்தானா என்று பார். கூரையில் பேனல் துடைக்க ஒரு ஆளையும் கேள்.