இயக்குநர் நோயில் படுத்தால் சம்பளம் யார் கொடுப்பது?

கடலூர் முதுநகரில் மீன்பிடி வலையும் கயிறும் விற்கும் எங்கள் பிரைவேட் லிமிடெட் நிறுவனத்தில் நானும் என் தம்பியும் மட்டுமே இயக்குநர்கள். எங்களைத் தவிரப் பதினான்கு பேர் வேலை பார்க்கிறார்கள். தம்பி காலை முதல் இரவு வரை கடையில் நின்று, மாதம் 20,000 ரூபாய் சம்பளம் வாங்கிவந்தான். ஓர் ஆய்வின்போது அவனுக்கும் இ.எஸ்.ஐ. (ஊழியர்களுக்கான அரசுக் காப்பீடு) சந்தா பிடிக்க வேண்டும் என்றார்கள். முதலாளிக்கு எதற்கு இ.எஸ்.ஐ. என்று நான் வாதாடினேன். நிர்வாக இயக்குநரே ஆனாலும் சம்பளம் பெற்று வேலை செய்பவர் ஊழியராகவும் கருதப்படலாம் என்று 1997இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருப்பதை ஆடிட்டர் எடுத்துக்காட்டிய பிறகுதான் அடங்கினேன். சம்பளத்தில் நிறுவனத்தின் பங்கு 3.25 விழுக்காடு, அவன் பங்கு 0.75 விழுக்காடு, ஆக மாதம் 800 ரூபாய். தண்டச் செலவு என்றே அப்போது நினைத்தேன்.

2022 ஏப்ரலில் அவன் சம்பளத்தை 30,000 ரூபாயாக உயர்த்தினோம். இ.எஸ்.ஐ.க்கான சம்பள உச்சவரம்பு 21,000 என்பதால் பிடித்தமும் நின்றது. ஆகஸ்டில் அவனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. அம்மா கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துப் பார்த்தார். கடைசியில் மருத்துவர் ஆறு வாரம் படுக்கையில் இருக்கச் சொல்லிவிட்டார்.

கடை ஊழியர்களுக்கு நோய் விடுப்புத் தரும் 1947ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடைகள் சட்டம், நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்குப் பொருந்தாது. நிறுவனமே கொடுக்கலாம் என்றால் அதற்குத் தடை இல்லை. ஆனால் ஆடிட்டர் எங்கள் தீர்மானப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து புரட்டியும், நோய்க்காலச் சம்பளம் பற்றி ஒரு வரிகூட அதில் இல்லை.

இ.எஸ்.ஐ.தான் கைகொடுத்தது. அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டிய சந்தாவுக்கான பலன்காலம், அதாவது பலன் கேட்கக்கூடிய காலம், அடுத்த ஜூலை முதல் டிசம்பர் வரை என்பதாலும், அந்த ஆறு மாதத்தில் தேவையான 78 நாட்களுக்கு மேலேயே அவனுக்குச் சந்தா கட்டியிருந்ததாலும், பிடித்தம் நின்றுபோன பிறகும் சராசரி நாள் ஊதியத்தில் 70 விழுக்காடு பெறும் உரிமை அவனுக்கு இருந்தது. சிக்கலை நாங்களே உண்டாக்கிக்கொண்டோம். பாசத்தில் ஆகஸ்ட் சம்பளத்தை முழுதாகப் போட்டுவிட்டேன். சம்பளம் வாங்கிய நாளுக்கு நோய்ப் பலன் கிடையாது. செப்டம்பர் நாட்களுக்கு மட்டுமே கேட்க முடிந்தது.

அதற்கும் இ.எஸ்.ஐ. மருத்துவரின் சான்று வேண்டும். அந்த நாட்களில் அவன் வேலைக்கு வரவில்லை என்று நிறுவனமும் எழுதித் தர வேண்டும். எங்கள் கடையில் அப்படிப்பட்ட தாள்களில் கையெழுத்துப் போடுபவனே தம்பிதான்! தன் விடுப்புக்குத் தானே சான்று தருவது நன்றாயிராது என்று நான் போட்டேன். வங்கிக் காசோலைகளுக்கும் இருவர் கையெழுத்து தேவைப்பட்டது. படுக்கையில் சாய்ந்தபடி இரண்டில் அவன் கையெழுத்திட்டதை ஆடிட்டரிடம் சொன்னபோது அவர் தலையில் அடித்துக்கொண்டார். அதையும் வேலை என்று யாராவது கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள் என்றார். மறுநாளே வங்கிக்குப் போய், என் ஒரு கையெழுத்து போதும் என்று மாற்றி எழுதிக் கொடுத்தேன்.

அக்டோபரில் அவன் எழுந்து வந்ததும் முதல் வேலையாகக் கூட்டம் போட்டு, இயக்குநர் இருவருக்கும் முதல் முப்பது நாள் முழுச் சம்பளம், அடுத்த முப்பது நாள் அரைச் சம்பளம் என்று தீர்மானம் எழுதிக்கொண்டோம்.