ஏசிஐ (அமெரிக்கன் காங்கிரீட் இன்ஸ்டிட்யூட்) காங்கிரீட் வலிமைச் சோதனைத் தேர்வு: செய்முறையில் எதைக் கவனிக்கணும்?

கேள்வி: எழுத்துத் தேர்வுக்குப் படித்துவிட்டேன். செய்முறையில் சிலிண்டரை (உருளை வடிவ காங்கிரீட் மாதிரி) இயந்திரத்தில் அழுத்தி உடைக்கும்போது எங்கே தவறு வரும் அண்ணா?

பதில்: முதலில் அளவு, தம்பி. நடு உயரத்தில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு விட்டம் எடுங்க. 2 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்தச் சிலிண்டரை உடைக்கவே கூடாது. உடைக்கும்வரை ஈரம் காயக்கூடாது. 28 நாள் வயதில் உடைக்கணும் என்றால் நேரம் கூடக்குறைய 20 மணி நேரம்தான் தள்ளலாம்.

இன்னொரு பதில்: லோடு (அழுத்து விசை) ஏற்றும் வேகத்தில்தான் பலர் தடுமாறுவார்கள். விநாடிக்கு 0.25 மெகாபாஸ்கல், 150 மி.மீ. சிலிண்டருக்கு ஏறத்தாழ 4.4 கிலோநியூட்டன். எதிர்பார்க்கும் லோடின் முதல் பாதியில் கொஞ்சம் வேகமாகப் போகலாம். உடையப்போகும் நேரத்தில் வேகம் குறைகிறதே என்று இயந்திரத்தின் லோடு வால்வைக் கூடுதலாகத் திறக்காதீங்க, வலிமை கூடுதலாகக் காட்டும்.

கேள்வி கேட்டவர்: சான்றிதழ் எத்தனை வருஷம்?

பதில்: 5. பிறகு மறுபடி தேர்வு. சல்ஃபர் கேப்பிங்கையும் (உருக்கிய கந்தகத்தால் சிலிண்டர் முனைகளைச் சமமாக்குவது) கையால் செய்து பழகுங்க.