ஹோம் தியேட்டருக்குப் பழைய 50 அங்குல பிளாஸ்மா தொலைக்காட்சி வாங்கலாமா?

கேள்வி (சத்துவாச்சாரி, வேலூர்)

வணக்கம். காட்பாடியில் இருக்கும் என் மாமா சென்னைக்குக் குடிபெயர்வதால், 2012-இல் வாங்கிய 50 அங்குல ஃபுல் ஹெச்டி பிளாஸ்மா தொலைக்காட்சியைக் குறைந்த விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். என்னிடம் 5.1 ஸ்பீக்கர்களும் (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்), அவற்றுக்கு ஒலியையும் திரைக்குப் படத்தையும் பிரித்துத் தரும் ஏவி ரிசீவரும் இருக்கின்றன. இரவில் படம் பார்ப்பதற்கென்றே ஒதுக்கிய மாடி அறையில் திரை மட்டும்தான் இல்லை. நேரில் பார்த்தபோது, ஒரு செய்திச் சேனலின் முத்திரை வேறு சேனலுக்கு மாற்றிய பிறகும் வலது மேல் மூலையில் மங்கலாகத் தெரிந்தது. வெள்ளை நிறைந்த காட்சிகளில் பின்பக்கம் மெல்லிய ரீங்காரமும் கேட்டது. இவை பழுதின் அறிகுறிகளா? கத்திரி வெயிலில் மாடி அறை இதன் சூட்டைத் தாங்குமா?

மறுமொழி (ராணிப்பேட்டை, தொலைக்காட்சி பழுதுபார்ப்பவர்)

ரீங்காரத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பிளாஸ்மா திரையில் நியான், செனான் வாயுக்கள் அடைத்த நுண்ணறைகளை மின்துடிப்புகள் ஒளிர வைக்கின்றன; காட்சி வெளிச்சமாக ஆக ஆக மின்சாரம் கூடுவதால் அந்த ஓசையும் கூடும். முத்திரையின் நிழல்தான் முக்கியம். அது தற்காலிகமாகத் தங்கியதா, நிரந்தரமாகப் பதிந்துவிட்டதா என்று அறிய, திரை முழுவதும் நிறைகிற அசையும் காட்சிகளைச் சில மணி நேரம் ஓடவிட்டு, பிறகு பென் டிரைவில் ஒரே சாம்பல் நிறப் படத்தைப் போட்டுப் பாருங்கள். நிழல் மங்கியிருந்தால் பயமில்லை; அப்படியே இருந்தால் அது போகாது.

சிவப்பு, பச்சை, நீலம் என்று முழுத்திரைப் படங்களையும் ஒவ்வொன்றாகப் போட்டு அணைந்த புள்ளிகள் உண்டா என்று பாருங்கள். செட் நன்றாகச் சூடேறிய பிறகு, இருண்ட காட்சியில் பல நிறப் பொட்டுகள் மினுமினுத்தால் நுண்ணறைகளுக்கு மின்துடிப்பு தரும் சஸ்டெய்ன் போர்டோ அதன் மின்னழுத்த அமைப்போ தளர்ந்திருக்கலாம். பானசோனிக் 2013 இறுதியிலும், சாம்சங்கும் எல்ஜியும் 2014-இலும் பிளாஸ்மா தயாரிப்பை நிறுத்திவிட்டதால், போர்டு போனால் சென்னை ரிச்சி தெரு மின்னணுச் சந்தையில் பழைய செட்டிலிருந்து கழற்றியதைத்தான் தேட வேண்டியிருக்கும். அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

மறுமொழி (குடியாத்தம்)

இருட்டறையில் சினிமா பார்ப்பவருக்கு இது அருமையான திரை என்பது என் உறுதியான கருத்து. அகலத்திரைப் படங்களில் மேலும் கீழும் வரும் கறுப்புப் பட்டைகளைக் கவனியுங்கள்: மலிவான எல்இடி திரையில் பின்விளக்கு கசிந்து அவை சாம்பல் பூத்துத் தெரியும், நல்ல பிளாஸ்மாவில், ஒவ்வொரு நுண்ணறையும் தானே ஒளிர்ந்து தானே அடங்குவதால், கறுப்பு ஏறக்குறையக் கறுப்பாகவே இருக்கும். வேகமாக ஓடும் காட்சிகளும் கலங்காது. பக்கவாட்டில் உட்கார்ந்தவருக்கும் நிறம் மாறாது. ஆனால் 4கே (ஃபுல் ஹெச்டியைவிடக் கூடுதல் துல்லியம்), ஹெச்டிஆர் (வெளிச்சத்துக்கும் இருளுக்கும் கூடுதல் வேறுபாடு) இரண்டும் இதில் கிடையா. பகலில் ஜன்னல் வெளிச்சம் கண்ணாடியில் பிரதிபலிக்கும் என்பதால் தடித்த திரைச்சீலை கட்டாயம்.

ஒலியைத் தொலைக்காட்சி வழியாகக் கொண்டுபோகாதீர்கள். பல செட்டுகள் ஹெச்டிஎம்ஐயில் வரும் 5.1 ஒலியை இரண்டு சேனல் ஸ்டீரியோவாகச் சுருக்கித்தான் ஆப்டிகல் ஒலி கேபிள் வழியே அனுப்பும். பிளேயரையும் செட்டாப் பாக்ஸையும் ரிசீவரில் இணைத்து, அங்கிருந்து படத்துக்கு மட்டும் ஒரு ஹெச்டிஎம்ஐ கேபிளைத் திரைக்குக் கொடுங்கள்.

கேள்வியாளர் (சத்துவாச்சாரி)

ஐயா, அண்ணா, இருவருக்கும் நன்றி. சொன்னபடி சோதித்ததில் முத்திரையின் நிழல் பெருமளவு மங்கிவிட்டது. உற்றுப் பார்த்தால்தான் சாம்பல் திரையில் தெரிகிறது. மினுமினுப்பும் அணைந்த புள்ளிகளும் இல்லை. வாங்கவே நினைக்கிறேன். சூட்டையும் மின்சாரத்தையும் பற்றி மட்டும் சொல்லுங்கள்.

மறுமொழி (ராணிப்பேட்டை)

அப்படியானால் தாராளமாக வாங்கலாம். பின்பக்கத் தகட்டில் எழுதியிருப்பது உச்ச வாட். இருண்ட படங்களுக்கு அதைவிடக் குறைவாகவே இழுக்கும், கிரிக்கெட்டுக்குக் கூடும். எல்இடியைவிட அதிகம் என்பது உண்மைதான். கோடையில் அறை வெப்பத்தோடு இதன் வெப்பமும் சேரும் என்பதால், சுவரோடு ஒட்டாமல் நான்கு அங்குலமாவது இடைவெளி விட்டு, மேலே காற்றுப் போக வழிவிடுங்கள். அலமாரிக்குள் அடைக்க வேண்டாம். மின்னழுத்தம் ஏறி இறங்கும் தெருவாக இருந்தால் ஸ்டெபிலைசர் வையுங்கள். காட்பாடியிலிருந்து கொண்டுவரும்போது படுக்க வைக்காமல், நிமிர்த்தி நிற்க வைத்து, இருவர் பிடித்துக்கொண்டு வாருங்கள்; முன்கண்ணாடி கனமானது, படுத்த நிலையில் குலுங்கினால் விரிசல் விடும்.