பொருள்: மேட்சிங் நம்பர்ஸ் – எண்பொருத்தமா, உடன்பிறந்த எஞ்சினா?

மொழிபெயர்ப்பாளர், சென்னை – திங்கள் காலை

குழுவினருக்கு வணக்கம். பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றிய கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். மற்றதெல்லாம் முடிந்துவிட்டது. 1963 செவர்லே கார்வெட் பற்றிய ஆறு பக்கங்களில் மூன்று நாளாக நின்றுகொண்டிருக்கிறேன்.

அந்தக் காரின் அடையாள எண் 30837எஸ்100001 என்பது போல இருக்கும். முதலில் வரும் 3 ஆண்டைக் குறிக்கிறது. 0837 என்றால் கூரை மூடிய கூபே, 0867 என்றால் கூரை திறக்கும் கன்வர்ட்டிபிள். எஸ் என்பது செயின்ட் லூயிஸ் ஆலை. எஞ்சிய ஆறு இலக்கங்கள் வரிசை எண். ‘வாகன அடையாள எண்’ ஏற்கனவே புழக்கத்தில் இருப்பதால் அதில் எனக்குக் குழப்பமில்லை. இப்படிப் பிரித்துப் பொருள் காண்பதை டீகோடிங் என்கிறார்களே, அதற்குத்தான் சொல் வேண்டும். ‘குறிவிலக்கம்’ என்று எழுதினேன். எதையோ விலக்கிவைப்பது போலிருக்கிறது என்று மெய்ப்புப் பார்த்தவர் அடித்துவிட்டார்.

அடுத்தது மேட்சிங் நம்பர்ஸ். எஞ்சினில் குத்தியிருக்கும் எண்ணும் காரின் எண்ணும் ஒத்துப்போனால் காரின் மதிப்பே வேறு. ஒரே பத்தியில் நான்கு முறை வருகிறது. உதவுங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், பாளையங்கோட்டை – திங்கள் மதியம்

அம்மா, முதல் கேள்விக்கு விடை உங்கள் பள்ளிக்கூடத்துப் பகுபத உறுப்பிலக்கணத்திலேயே இருக்கிறது. ‘நடந்தனன்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நட பகுதி, த் சந்தி, அது ந் ஆனது விகாரம், அடுத்த த் இறந்தகால இடைநிலை, அன் சாரியை, கடைசி அன் விகுதி. நன்னூல் சொல்லும் ஆறு உறுப்புகளும் ஒரே சொல்லில் அடங்கிவிட்டன. உங்கள் கார் எண்ணும் அப்படித்தான் நடக்கிறது. 0837 என்பது பகுதி. 3 காலம் காட்டுகிறது; தமிழில் நடுவில் நிற்பது அங்கே தலையில் நிற்கிறது, அவ்வளவுதான். விகுதி ஆளைக் காட்டுவது போல வரிசை எண் குறிப்பிட்ட ஒரு வண்டியைக் காட்டுகிறது. ஆகவே இதைப் ‘பகுவெண்’ என்போம். உறுப்பு பிரியாமல் வெறும் வரிசையாக ஓடும் எண் ‘பகாவெண்’. பிரித்தறியும் செயல் ‘எண்பகுப்பு’.

எண்ணோடு எழுத்தும் கலந்து வருகிறதே என்று யாரும் தயங்க வேண்டாம். எண்ணையும் எழுத்தையும் சேர்த்தே சொன்னவள் ஔவை. நம் பழைய எண்களே எழுத்துருவில் எழுதப்பட்டவைதாம்: க என்றால் ஒன்று, உ என்றால் இரண்டு.

கணித ஆசிரியை, தஞ்சாவூர் – திங்கள் இரவு

ஐயா, வணக்கம். பகு எண், பகா எண் இரண்டும் எங்களுடையவை. ஒன்றையும் தன்னையும் தவிர வேறு வகுத்தி இல்லாதது பகா எண். உங்கள் 100001 என்பது 11 பெருக்கல் 9091; எங்கள் கணக்கில் அது உறுதியாகப் பகு எண். இதே சொல்லைக் கார்த் தகட்டுக்கும் கொடுத்தால் என் மாணவர்கள் எதைப் படிப்பார்கள்? ‘எண்பகுப்பு’ வேண்டுமானால் இருக்கட்டும், அதில் மோதல் இல்லை.

மொழிபெயர்ப்பாளருக்கு இன்னொன்று. நீங்கள் அனுப்பிய மாதிரிப் பக்கத்தில் ‘உற்பத்தி எண்’ என்று எழுதியிருக்கிறீர்கள். எண் வேறு, எண்ணிக்கை வேறு. 1963 கார்வெட்டின் வரிசை எண் 100001இல் தொடங்கி 121513இல் முடிகிறது. ஆக மொத்தம் 21,513 கார்கள். அதில் கூபே 10,594, கன்வர்ட்டிபிள் 10,919. இரண்டும் ஒரே வரிசையில் கலந்து வந்ததால், ஒரு கூபேயின் வரிசை எண்ணைப் பார்த்து அது எத்தனையாவது கூபே என்று சொல்ல முடியாது. 1953இல் நிலைமை எளிது: 001001 முதல் 001300 வரை, முந்நூறே கார்கள். ஃபெராரி 250 ஜிடிஓவுக்குப் போனால் இந்தக் கணக்கு ஒன்றும் நடக்காது. 1962 முதல் 1964 வரை 36 கார்கள்தான். எண்களோ ஒற்றைப்படையில் மட்டும், இடையிடையே தாவித் தாவி ஓடுகின்றன. அங்கே கடைசி எண்ணிலிருந்து முதல் எண்ணைக் கழிப்பவர் ஏமாந்து போவார். தயவுசெய்து ‘உற்பத்தி எண்ணிக்கை’ என்றே எழுதுங்கள்.

பட்டறைக்காரர், கோவை – செவ்வாய் காலை

இலக்கணம் எனக்குத் தெரியாது. நாற்பது ஆண்டாக எஞ்சின் பிரித்து மாட்டுகிறேன். எங்கள் பட்டறையில் யாரும் ‘அடிச்சட்டக எண்’ கேட்டு நான் பார்த்ததில்லை; சேசிஸ் நம்பர், எஞ்சின் நம்பர், அவ்வளவுதான். ஆர்.டி.ஓ. படிவத்தில் ஒட்டுவதற்கு எண்ணைப் படியெடுப்போம். மண்ணெண்ணெய் தொட்டு அழுக்கைத் துடைத்துவிட்டு, மெல்லிய தாளை எண்ணின் மேல் வைத்து, பென்சிலைச் சாய்த்துப் பிடித்துத் தேய்க்க வேண்டும். குழிந்த இடம் வெள்ளையாக நிற்கும், சுற்றிலும் கருப்பாகும். கை நடுங்கினால் 3 எது, 8 எது என்று தெரியாது.

எஞ்சினில் இரண்டு வகை எண் உண்டு. ஒன்று வார்ப்பிலேயே புடைத்து வருவது. 1963 கார்வெட்டின் 327 கன அங்குல எஞ்சினில் 3782870 என்று பிளாக்கின், அதாவது எஞ்சினின் உடற்பகுதியின், பின்பக்கத்தில் இருக்கும். அதே எண் ஆயிரக்கணக்கான பிளாக்குகளில் இருக்கும். அதை வைத்து ஒரு காரை அடையாளம் சொல்ல முடியாது. மற்றொன்று முன்பக்கம், வலது சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் உள்ளங்கையில் பாதி அளவுக்குத் தட்டையான இடத்தில் பஞ்ச் வைத்துக் குத்துவது. எஃப்1205ஆர்எஃப் என்று இருந்தால் ஃபிளின்ட் ஆலை, டிசம்பர் 5, ஆர்எஃப் என்றால் 360 குதிரைத்திறன் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் எஞ்சின். அதோடு காரின் வரிசை எண்ணும் அங்கே குத்தப்பட்டிருக்கும். மேட்சிங் நம்பர்ஸ் என்பது இந்தக் குத்தெண்ணைப் பற்றிய பேச்சு. வார்ப்பெண்ணையும் குத்தெண்ணையும் ஒரே சொல்லால் எழுதிவிட்டால் அந்த ஆறு பக்கமும் வீண்.

பொறியாளர், ரொறன்ரோ (ஊர் யாழ்ப்பாணம்) – செவ்வாய்

எங்களுக்கு இது ‘இலக்கம்’. வீட்டு இலக்கம், தொலைபேசி இலக்கம், வாகன இலக்கம் என்றுதான் எழுதி வளர்ந்தோம். ‘எண்’ என்று மட்டும் முடிவெடுத்தால் பாதித் தமிழரை வெளியே நிறுத்துகிறீர்கள்.

சேசிஸ் என்பதை ஒதுக்கவும் வேண்டாம், அதற்குப் பயப்படவும் வேண்டாம். பிரெஞ்சு வழியாக வந்த சொல். அடி லத்தீனின் காப்சா, பெட்டி என்று பொருள். கேஸ், கேப்சூல் எல்லாம் அதே குடும்பம்.

தமிழாசிரியர், பாளையங்கோட்டை – செவ்வாய்

அப்படியென்றால் கேஷ்? அது நம் காசு அல்லவா?

பொறியாளர், ரொறன்ரோ – செவ்வாய்

ஐயா, ஆங்கிலத்தில் கேஷ் என்று எழுதப்படுபவை இரண்டு சொற்கள். கைப்பணத்தைக் குறிக்கும் கேஷ் பிரெஞ்சின் பணப்பெட்டியிலிருந்து வந்தது, அதாவது காப்சாவின் பேத்தி. சேசிஸுக்கு ஒன்றுவிட்ட தங்கை. கிழக்கு நாடுகளின் சில்லறை நாணயத்தைக் குறிக்கும் கேஷ்தான் போர்த்துக்கீசியர் வாய்வழி போன நம் காசு. உருவம் ஒன்றாகிவிட்டது, பிறப்பு வேறு.

கல்வெட்டு ஆர்வலர், மதுரை – புதன் காலை

நீங்கள் காசு பற்றிப் பேசுங்கள். எனக்குக் கோவைக்காரர் சொன்ன பென்சில் தேய்ப்பை விட மனமில்லை. பாறையைக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, தூரிகையால் அடித்து, மைத்திரளை ஒற்றி எடுக்கிறோமே, அதற்கு மைப்படி என்று பெயர். வெட்டிய எழுத்து வெள்ளையாக நிற்கும், சுற்றிலும் கருப்பாகும். பட்டறையில் நடப்பதும் அதுவே. ‘கரிப்படி’ என்று கையேட்டில் சேருங்கள். குத்தெண்ணுக்கு ‘வெட்டெண்’ பொருந்தும். ‘பொறிப்பெண்’ வேண்டாம். பொறி என்றால் எஞ்சினும்தான், பொறித்தல் என்றால் செதுக்குதலும்தான். ‘பொறியின் பொறிப்பெண்’ என்று படிப்பவர் இரண்டு முறை திரும்பிப் படிக்க வேண்டியிருக்கும்.

மொழிபெயர்ப்பாளர், சென்னை – புதன் இரவு

எண்பகுப்பு, உற்பத்தி எண்ணிக்கை, வார்ப்பெண், குத்தெண், கரிப்படி ஆகியவற்றை எடுத்துக்கொண்டேன். சேசிஸ் அப்படியே இருக்கும். வெட்டெண் அழகுதான், ஆனால் இரும்பில் வெட்டவில்லை, குத்துகிறார்கள். நான் கேட்ட மேட்சிங் நம்பர்ஸ் மட்டும் இன்னும் நடுத்தெருவில் நிற்கிறது. ‘எண்பொருத்தம்’ சரியா?

கணித ஆசிரியை – புதன் இரவு

பொருத்தம் என்றதும் ஜாதகம் நினைவுக்கு வருகிறது. பத்துக்கு ஏழு பொருத்தம் இருந்தால் போதும் என்பார்கள். இங்கே ஓர் இலக்கம் பிசகினாலும் பொருத்தமில்லை. ‘எண்ணொப்பு’ என்பேன்.

பட்டறைக்காரர், கோவை – வியாழன் அதிகாலை

இரண்டுமே எனக்கு உடன்பாடில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

1963இல் பந்தயத்துக்கென்றே இசட்06 என்ற தொகுப்போடு 199 கார்வெட்டுகள் வந்தன. அந்தக் காலத்துக் கார்வெட்டின் அடையாள எண்ணில் அதற்குக் குறியே கிடையாது. என்ன எஞ்சின் என்றுகூட அந்த எண் சொல்லாது. 1972 மாடலில்தான் அதில் எஞ்சின் குறி சேர்ந்தது. ஆகவே ஆளாளுக்கு அந்தத் தட்டையான இடத்தைத்தான் பார்க்கிறார்கள். சரி, ஒருவன் வேறு பிளாக் வாங்கி, பழைய எண்ணை அரைத்தெடுத்துவிட்டு, தன் காரின் எண்ணையே குத்திவிட்டால்? எண் பொருந்தும். எண் ஒக்கும். எஞ்சின் அந்தக் காரோடு பிறந்ததல்ல. ஆலையில் அந்தப் பரப்பை இழைத்தபோது விழுந்த மெல்லிய நேர்க்கோடுகள் குத்தெண்ணுக்கு அடியில் ஓடுகின்றனவா என்று உருப்பெருக்கி வைத்துப் பார்ப்பது அதனால்தான். அரைத்தால் அந்த வரி போய்விடும்.

வாங்குபவர் தெரிந்துகொள்ள விரும்புவது எண் ஒன்றா என்பதல்ல. இந்த எஞ்சின் இந்தக் காரோடு ஆலையை விட்டு வந்ததா என்பதுதான். ‘உடன்பிறந்த எஞ்சின்’ என்று எழுதுங்கள். எங்கள் பட்டறைப் பையன்களுக்கும் கேட்டவுடன் புரியும்.

தமிழாசிரியர், பாளையங்கோட்டை – வியாழன்

தம்பி சொன்ன சொல்லில் உயிர் இருக்கிறது. ஆனால் கலைச்சொல் கண்ணால் கண்டதைச் சொல்ல வேண்டும். தீர்ப்பைச் சொல்லக் கூடாது. எண் பொருந்துவது கண்டது. உடன்பிறந்தது என்பது தீர்ப்பு. ஆங்கிலச் சொல்லும் எண்ணோடு நின்றுவிடுகிறது. மொழிபெயர்ப்பில் அதைத் தாண்டிப் போனால் விற்பவனுக்கு நாம் சான்றிதழ் எழுதிக் கொடுத்ததாகும்.

புணர்ச்சி ஒன்று. வேற்றுமையில் ணகரத்தின் பின் வல்லினம் வந்தால் டகரமாகத் திரியும்: மண் + குடம், மட்குடம். அதன்படி ‘எட்பொருத்தம்’ என வேண்டும். ஆனால் அது எள்ளுக்குப் பொருத்தம் பார்த்தது போலாகிவிடும். மண்பானை வழக்கில் நிலைத்தது போல எண்பொருத்தமும் நிற்கட்டும்.

பொறியாளர், ரொறன்ரோ – வியாழன்

இலக்கப் பொருத்தம். என் வாக்கைப் பதிவு செய்யுங்கள்.

மொழிபெயர்ப்பாளர், சென்னை – வெள்ளி காலை

எண்பொருத்தத்துக்கே ஆதரவு அதிகம். அதையே அனுப்புகிறேன். முதல் முறை வரும் இடத்தில் ‘எண்பொருத்தம் உடன்பிறப்புக்குச் சான்றாகாது’ என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். இலங்கைப் பதிப்பு வந்தால் இலக்கம் என்று மாற்றித் தருவேன். அனைவருக்கும் நன்றி.

பட்டறைக்காரர், கோவை – வெள்ளி

அந்த ஒரு வரி இருந்தால்தான் புரியும் என்றால் சொல் இன்னும் முடியவில்லை அம்மா. அடுத்த பதிப்புக்கு எத்தனை மாதம் இருக்கிறது?