மலையில் டயர் சூடாக்கிய அனுபவங்கள்: மலிவு வோமர் போட்டவர்கள் சொல்லுங்க

நானுஓயாவிலிருந்து

என்னுடைய சிபிஆர் 250 பைக்கை முதல் வளைவிலேயே விழுத்திய பிறகுதான் டயர் வோமர், அதாவது டயரைச் சுற்றிப் போர்த்திக் கரண்டில் சூடாக்குகிற உறை, தேடினேன். ரதல்லை, மஹகஸ்தொட்டை மாதிரி ஹில் கிளைம்ப் (மலையேறும் பந்தயம்) ரோட்டில் டயரைச் சூடாக்க ஒரு சுற்று ஓட முடியாது. நின்ற இடத்திலிருந்து கிளம்பினால் சில விநாடியில் வளைவு வந்துவிடும். விடியக்காலை 15 டிகிரி, தேயிலைச் செடி முழுக்கப் பனி. பந்தய டயர் அந்தக் குளிரில் பிளாஸ்டிக் மாதிரி வழுக்கும். விழுந்ததில் முறிந்த தோள் எலும்பு ஒட்ட ஆறு கிழமை ஆனது.

நல்ல கம்பெனி வோமருக்குக் கையில் காசில்லை. ஒன்லைனில் அதில் கால்வாசி விலைக்கு ஒரு சோடி எடுத்தேன். 80 டிகிரி ஒன்றுதான், கூட்டிக் குறைக்க பட்டன் இல்லை. பிளக்கைப் பார்த்ததும் மனசு திக்கென்றது: தட்டையான இரண்டு பின், எர்த் வயரே கிடையாது. ஈரப் புல்லில் வைத்து வேலை செய்கிற சாமானுக்கு எர்த் இல்லாமல் எப்படி? தெரிந்த எலெக்ட்ரீஷியன் ஒருவர் திறந்து பார்த்து, மூன்று வயர் கேபிளும் சதுரப் பின் பிளக்கும் மாற்றித் தந்தார். அதற்குப் பிறகும் ட்ரிப் சுவிட்ச் இல்லாத இடத்தில் நான் அதைச் செருகியதில்லை. ஒரு தடவை பனியில் நனைந்த வோமரை அப்படியே போட்டேன், உடனே ட்ரிப் ஆனது. அன்றிலிருந்து அடுப்படியில் தொங்கவிட்டுக் காயவைத்த பிறகுதான் பைக்கிற்குப் போகும்.

முதலில் வீட்டில் வைத்துச் சோதித்தேன். ஒரு மணித்தியாலம் கழித்து, ரப்பருக்குள் குத்திப் பார்க்கிற ஊசி வெப்பமானியால் ஆறு இடத்தில் அளந்தேன். ஒரு இடம் 88, வெல்க்ரோ சேருகிற இடம் 61. அந்த இடைவெளியில் சூட்டு வயர் இல்லை. இப்போது அரை மணித்தியாலத்தில் கழற்றி, சேருகிற இடத்தை மறுபக்கம் திருப்பிச் சுற்றுகிறேன். பத்து டிகிரி வித்தியாசத்துக்குள் வந்துவிட்டது. லேசர் துப்பாக்கி மாதிரி இருக்கிற மானியை நம்பாதீங்க, அது மேல்தோலைத்தான் சொல்லும். மேல்தோல் இருபது நிமிஷத்தில் சுடும். உள்ளே இருக்கிற துணி அடுக்கும் ரிம்மும் சூடாகத்தான் நேரம் எடுக்கும். ரிம் குளிர்ந்து கிடந்தால் வோமரைக் கழற்றியதும் டயரின் சூட்டை அதுவே இழுத்துக்கொள்ளும். மலிவு வோமர் ரிம்மை மூடாது என்பதால் பழைய கம்பளியை இரண்டு பக்கமும் போர்த்துகிறேன். பக்கத்திலேயே ஆள் இருக்கணும், விட்டுவிட்டு டீ குடிக்கப் போகக் கூடாது.

இவ்வளவும் செய்துவிட்டு வரிசையில் பத்து நிமிஷம் நின்றால் எல்லாம் வீண். மலைக்காற்று முன் டயரைத்தான் முதலில் குளிரவைக்கும். எனக்கு முன்னால் இரண்டு பேர் இருக்கும்வரை நான் கழற்றுவதில்லை.

பண்டாரவளையிலிருந்து

தம்பி சொன்ன எர்த் விஷயத்தை எல்லாரும் கவனிங்க. நான் கரண்ட் கணக்கைச் சொல்றேன். என்னுடைய சோடிக்கு ஏறக்குறைய 1000 வோட் வேணும். 1 கேவிஏ ஜெனரேட்டரில் இரண்டையும் ஒன்றாகப் போட்டேன், முக்கி முக்கி நின்றுவிட்டது. இப்ப பின் டயரை முதலில் போடுறேன். அது சூடாகி, தானாக அணைந்து எரியத் தொடங்கினதும் முன் டயர். நேரம் கூடப் போகும், ஆனால் வேலை நடக்கும். எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருளோடு விடாதீங்க, முழுக்க அவிழ்த்துப் போடுங்க. என்னுடையது சுருளுக்குள்ளேயே உருகிப் போச்சு.

காத்து விஷயமும் இருக்கு. மலையில் வைத்த அளவு, கடலோர ரேஸ் ட்ராக் இருக்கிற கட்டுகுருந்தவுக்கு இறங்கினால் அப்படியே இருக்காது. நுவரெலியா உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் 12 பிஎஸ்ஐக்குக் கிட்ட, கடலோரத்தில் 14.7. கேஜ் காட்டுவது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தை, அதனால் கீழே குறைத்துக் காட்டும். அங்கே இருக்கிற வெக்கை அதில் கொஞ்சத்தைக் கூட்டிவிடும். வீட்டில் பார்த்த நம்பரை மறந்துவிட்டு, அங்கே போய் வோமர் போட்டு ஒரு மணித்தியாலம் கழித்து, சூட்டோடு அளந்து வைக்கணும். என் பைக்கில் டயர் சூடாக முன் 28 இருந்தது சூட்டில் 34க்குப் போனது. அதைப் பார்க்காமல் ஓடிய முதல் நாள் பின் டயர் நடுவில் மட்டும் தேய்ந்து போச்சு.

ஹட்டனிலிருந்து

அண்ணே, எனக்கு ஆர்15 பைக், கம்பெனி போட்ட ரோட்டு டயர்தான். அடுத்த மாதம் முதல் தடவை ட்ராக் போறேன். வோமர் வாங்கலாமா?

நானுஓயாவிலிருந்து

வேண்டாம் தம்பி. ரோட்டு டயர் குறைந்த சூட்டிலேயே பிடிக்கிற மாதிரிச் செய்தது. கீழ்நாட்டு வெயிலில் இரண்டு சுற்று மெதுவாக ஓடினால் போதும், மூன்றாவது சுற்றில் கூட்டுங்க. அந்தக் காசில் நல்ல காத்துக் கேஜும் முன்னுக்குப் பின்னுக்கு ஸ்டாண்டும் எடுங்க. ஸ்டாண்ட் இல்லாமல் வோமரைச் சுற்றவே முடியாது, சக்கரம் இரண்டும் நிலத்தை விட்டு எழும்பணும். என்னுடையதை டவுனில் வெல்டிங் கடையில் பைப்பில் அடித்தேன், அளவு எழுதி வைத்திருக்கேன். ஸ்லிக் டயர் (கோடு வெட்டாத பந்தய டயர்) போடுகிற காலம் வந்தால் சொல்லுங்க, வோமரைத் தாறேன், ஒரு நாள் ஓடிப் பார்த்துவிட்டுப் பிறகு வாங்குங்க.