கிணற்றுத் தண்ணீரில் பதினொரு கவுண்ட்

ஆராய்ச்சி மாணவன்:
மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் என்ற கனிமம் உண்டு, அதில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் உண்டு. பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரிலும் ஏதாவது தட்டுப்படும் என்ற ஆசையில் அதை வற்றவைத்து, படிவைப் பீட்டா கவுண்டரில் (கதிரியக்கத்தில் வெளிவரும் பீட்டா துகள்களை எண்ணும் கருவி) வைத்தேன். வெறும் தட்டு ஒரு மணி நேரத்தில் 36 கவுண்ட், படிவு 47. பதினொன்று கூடுதல்! வழிகாட்டியிடம் ஓடினேன்.

அவர் துண்டுத் தாளில் 36-இன் வர்க்கமூலம் 6 என்று எழுதி, 2.33-ஆல் பெருக்கினார். 14. “இதைத் தாண்டாமல் என்னிடம் வராதே.” வேதியியலாளர் லாயிட் கர்ரி 1968-இல் வெளியிட்ட கணக்கு அது (மேரி கியூரி அல்ல, நானும் அப்படித்தான் நினைத்தேன்). வெறும் தட்டையே இரண்டு முறை எண்ணினாலும், நூற்றில் ஐந்து முறை இரண்டாவது எண் 14-க்கு மேல் கூடிவிடுமாம். மனம் ஆறாமல் இரண்டையும் நான்கு மணி நேரம் எண்ணினேன்: வெறும் தட்டு 141, படிவு 148. தாண்ட வேண்டியது 28. கையில் இருந்தது 7.

ஓய்வுபெற்ற டெக்னீஷியன்:
அந்த 7-ஐ அப்படியே எழுதி வைத்தீர்களா, தம்பி? நான் இருந்த ஆய்வகத்தில் பின்னணியை, அதாவது வெறும் தட்டின் எண்ணை, கழித்து மைனஸ் வந்தால் பூஜ்யம் என்று எழுதிவிடுவோம். கதிரியக்கம் மைனஸில் இருக்குமா என்று கேட்பார்கள். ஒன்றுமே இல்லாத சாம்பிள்களில் ஏறக்குறைய பாதி மைனஸில் வருவதுதான் முறை. அவற்றைப் பூஜ்யமாக்கிச் சராசரி போட்டு, தண்ணீரில் இல்லாத கதிரியக்கத்தை ரெஜிஸ்டரில் நாங்களே உண்டாக்கினோம்.

இன்னொன்றும் அதில் புதைந்துபோனது. வார இறுதியில் ஏசியை நிறுத்திக் கதவை அடைத்தால், சுவரிலிருந்து கசியும் ரேடான் என்ற கதிரியக்க வாயு அறைக்குள் தேங்கும். திங்கள் காலை பூட்டைத் திறந்ததுமே பின்னணியை எடுப்போம். சாம்பிளை எண்ணுவது மதியம், காற்றெல்லாம் மாறிய பிறகு. கூடுதலான பின்னணியைக் கழித்ததால் திங்கட்கிழமை சாம்பிள்கள் மொத்தமும் மைனஸில் விழுந்திருக்கின்றன. பூஜ்யம், பூஜ்யம் என்று எழுதிக்கொண்டே போனதால் மாதக்கணக்கில் எவர் கண்ணிலும் படவில்லை.

கருவிப் பொறுப்பாளர்:
ஐயா, எனக்கு நடந்தது வேறு மாதிரி. கவுண்டரைச் சரிபார்க்க வைத்திருக்கும் கதிரியக்கப் பொருளை இருபது முறை எண்ணிவர ஒரு பையனிடம் சொன்னேன். எல்லா எண்ணும் 995-க்கும் 1006-க்கும் நடுவில். ஆயிரம் கவுண்ட் என்றால் 32 அளவுக்காவது ஏறி இறங்க வேண்டாமா? எண்கள் இயல்பான அளவுக்கு ஏறி இறங்குகின்றனவா என்று பார்க்கும் கை வர்க்கச் சோதனையில் 19-ஐ ஒட்டி வர வேண்டியது ஒன்றைக்கூட எட்டவில்லை. கருவியில்தான் கோளாறு என்று இரண்டு நாள் ஒயர்களைக் கழற்றி மாட்டினோம். மூன்றாம் நாள் பையன் ஒப்புக்கொண்டான்: முதல் எண் மட்டும் கவுண்டர் தந்ததாம், மீதிப் பத்தொன்பதும் டீக்கடையில் உட்கார்ந்து எழுதியவையாம்.